விடியக்காலைல ஸ்டார்ட் ஆகாத அவுட்போர்டு இஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்காங்க. ராத்திரி முழுக்க சும்மா கிடந்த அவுட்போர்டு இஞ்சின் (படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டுறது) காலைல கிளம்ப மாட்டேங்குது, ஒரு தடவ கிளம்பிட்டா அப்புறம் நாள் பூரா ஓடுது. கேட்டா ஒரே நோய் மாதிரி இருக்கும் ஆனா காரணம் ஒவ்வொண்ணுக்கும் வேற, அதனால நாலையும் ஒரே இடத்துல போடுறேன், படிக்கிறவங்க அவங்கவங்க இஞ்சினோட ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

கேள்வி: ஐயா, எங்க அப்பா முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளத்துல தொழிலுக்குப் போறாங்க. 9.9 எச்பி மண்ணெண்ணெய் இஞ்சின், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி அப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. ரெண்டு மாசமா காலைல மூணு மணிக்கு முப்பது நாப்பது தடவ கயிறு இழுத்தாத்தான் கிளம்புது. அப்பாவுக்கு 57 வயசு, வலது தோளத் தூக்க முடியாம ராத்திரி தூக்கமே இல்ல. ஒரு மெக்கானிக் காயில மாத்தினாரு, சரியாகல, இப்ப கார்புரேட்டரே புதுசு போடணும்ங்கறாரு. ஆனா கடலுக்குள்ள இஞ்சின நிறுத்திட்டு வலை போட்டு மறுபடி இழுத்தா ஒரே இழுப்புல கிளம்புதாம். காயில் கெட்டிருந்தா அப்ப மட்டும் எப்படி கிளம்புது? (கன்னியாகுமரி மாவட்ட வாசகி)

பதில்: மக்களே (எங்க கரையில பிள்ளைங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்), கடைசியா ஒரு கேள்வி கேட்டிருக்க பாரு, அத அந்த மெக்கானிக் முதல்லயே கேட்டிருந்தா ஒரு காயில் காசு மிச்சமாகியிருக்கும். காயில் (ப்ளக்குல ஸ்பார்க் வர்றதுக்கு கரண்ட் குடுக்குற பாகம்) போச்சுன்னா பெரும்பாலும் இஞ்சின் சூடானப்புறம்தான் தகராறு பண்ணும், ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுரும், ஆறினா மறுபடி கிளம்பும். உங்களுக்கு நடக்குறது அப்படியே தலைகீழ். ஆறிக் கிடந்தா கிளம்பல, சூடா இருந்தா உடனே கிளம்புது. மண்ணெண்ணெய் இஞ்சின்ல இத யாரு சொன்னாலும் நான் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், முந்தின நாள் கரைக்கு வந்தப்ப எந்த எண்ணெயில ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்துனீங்க? அப்பாகிட்ட கேட்டுப் பாரு, மண்ணெண்ணெயிலயே வந்து நிறுத்தியிருப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன்.

காரணம் சொல்றேன். எரியறது எண்ணெய் இல்ல, எண்ணெயோட ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு அதுக்கு 35லேருந்து 40 டிகிரி சூடு வேணும். நம்ம கரையில மார்கழி விடியக்காலைல காத்து 22, 23 டிகிரிதான் இருக்கும், இரும்பும் அதே குளிர்ல கிடக்கும், அப்ப மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள்ள ஆவியாகாம துளித்துளியா ப்ளக்க நனைச்சுக்கிட்டு உட்கார்ந்துரும். கடலுக்குள்ள நிறுத்தி அரை மணி நேரத்துல திரும்ப இழுக்கும்போது ஹெட்டு சூடாவே இருக்கு, மண்ணெண்ணெயும் ஆவியாகுது, அதான் ஒரே இழுப்புல கிளம்புது.

"நாங்க பெட்ரோல்லதானே ஸ்டார்ட் பண்றோம்"னு அப்பா சொல்லுவாங்க. சரிதான், காலைல காக்க (எந்த எண்ணெய் போகணும்னு மாத்துற திருகு) பெட்ரோல் பக்கம் திருப்பித்தான் இழுக்குறாங்க. ஆனா கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ளயும் பம்புலயும் ட்யூப்லயும் நிக்கிறது நேத்தைய மண்ணெண்ணெய். அது தீர்ந்து பெட்ரோல் வந்து சேர்ற வரைக்கும் இழுக்குற இழுப்பெல்லாம் வீண், அதுக்குள்ள ப்ளக்கும் நனைஞ்சு போயிருக்கும், அப்புறம் பெட்ரோல் வந்தாலும் ஸ்பார்க் சரியா அடிக்காது. முப்பது நாப்பது இழுப்புக்கு அப்புறம் கிளம்புதுன்னா அந்த முப்பது இழுப்பும் கிண்ணத்தைக் காலி பண்ற வேலைதான், தோள்பட்டையால பண்ற வேலை.

அதனால இன்னைக்கே பண்ண வேண்டியது இது. கரைக்கு வரும்போது, அலையடிக்கிற இடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்தி அஞ்சு நிமிஷம் ஓட்டி வந்து நிறுத்தச் சொல்லு. மெதுவா வரும்போது அஞ்சு நிமிஷத்துக்கு நூறு, நூத்தம்பது மில்லிதான் குடிக்கும், பத்துப் பதினஞ்சு ரூபாதான் ஆகும். அதுல இன்னொரு நல்லதும் இருக்கு, அலைக்கு நடுவுல திடீர்னு த்ராட்டில் முறுக்க வேண்டி வந்தா பெட்ரோல்ல இஞ்சின் சட்டுனு கேக்கும், அந்த இடத்துல இஞ்சின் திணறினா வள்ளம் அலைக்குக் குறுக்க திரும்பிரும், அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு கடற்கரையில பொறந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

என்னைக்காவது மாத்த மறந்துட்டா, இல்ல பெட்ரோல் தீர்ந்து மண்ணெண்ணெயிலயே நிறுத்த வேண்டி வந்தா, காலைல கயிறத் தொடறதுக்கு முன்னாடி கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு ட்ரெய்ன் ஸ்க்ரூ இருக்கும், அதத் தளர்த்தி ஒரு டப்பால வடிச்சிருங்க (டார்ச் போதும், தீக்குச்சியும் பீடியும் கிட்ட வேண்டாம்), ஸ்க்ரூவ முறுக்கிட்டு காக்க பெட்ரோலுக்குத் திருப்பி எண்ணெய் ட்யூப்ல இருக்கிற ரப்பர் கைப்பம்ப கெட்டியாகுற வரை அமுக்குங்க, அப்புறம் இழுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

இதெல்லாம் பண்ணியும் கிளம்பலன்னா ப்ளக்க கழட்டிப் பாக்கணும், அதுதான் உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ற ஒரே சாட்சி. சோக் (கார்புரேட்டருக்குப் போற காத்த அடைக்கிற தட்டு) போட்டு பத்து தடவ இழுத்தும் ப்ளக் காய்ஞ்சு இருந்தா எண்ணெய் வந்து சேரலன்னு அர்த்தம், டேங்க் மூடியில காத்து ஓட்டைத் திருகு மூடியிருக்கா, கைப்பம்புல அம்புக்குறி இஞ்சின் பக்கம் பாத்திருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, சோக் தட்டு நெசமாவே முழுசா மூடுதான்னு பாருங்க. இதுல சோக்க நிறைய பேர் விட்டுர்றாங்க, வெளிய குமிழ் வரும் ஆனா உள்ள கம்பி கழண்டோ துருப்பிடிச்சோ தட்டு பாதியில நிக்கும், மூடிய எடுத்து கண்ணால பாத்தாத்தான் தெரியும். ப்ளக் நனைஞ்சு இருந்தா ஒண்ணு ஸ்பார்க் இல்ல, இல்ல எண்ணெய் அளவுக்கு மேல போயிருச்சு. அப்ப ப்ளக்க வெளிய எடுத்துட்டு, இஞ்சின நிறுத்துற கில் சுவிட்ச் கிளிப்பையும் உருவிட்டு (உருவிட்டா ஸ்பார்க் வராது, ஆவி தீப்பிடிக்காது) அஞ்சாறு தடவ இழுத்தா உள்ள நிக்கிறது வெளிய வந்துரும். காய்ஞ்ச ப்ளக்கப் போட்டு, கிளிப்ப மாட்டி, சோக் இல்லாம இழுங்க. அந்தக் கிளிப்ப மாட்ட மறந்துட்டு அரை மணி நேரம் இழுத்தவங்கள நான் பாத்திருக்கேன், இருட்டுல யாருக்கும் வரும், அதனால இழுக்குறதுக்கு முன்னாடி முதல்ல கை போக வேண்டியது அதுலதான்.

ஒரு ஜோடி புது ப்ளக்கும் ப்ளக் ஸ்பேனரும் மூடி இறுக்கமா இருக்குற ப்ளாஸ்டிக் டப்பால எப்பவும் வள்ளத்துல இருக்கட்டும். வாங்கும்போது மேனுவல்ல இருக்கிற நம்பரே வாங்கணும், கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்"னு குடுக்கறத வாங்காதீங்க. என்ஜிகே ப்ளக்ல பி7எச்எஸ்-10னு இருந்தா கடைசி 10ங்கறது இடைவெளி 1.0 மில்லிமீட்டர்னு அர்த்தம், நடுவுல இருக்கிற 7 சூட்டு அளவு, நம்பர் கூடக்கூட ப்ளக் குளிர்ச்சியானது, சீக்கிரம் கரி படியும், நனைஞ்சா காயாது.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்குத் தக்கபடி குளிர்விக்கிற தண்ணியத் திறந்து மூடுற வால்வு) கழட்டிப் போட்டிருக்காரான்னும் கேளு. இஞ்சின் சூடாகுதுன்னு சொன்னா சில பேர் தண்ணி நல்லா ஓடட்டும்னு அத எடுத்துத் தூரப் போட்டுர்றாங்க. பெட்ரோல் இஞ்சினுக்கே அது நல்லதில்ல, மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு பெரிய கெடுதல், ஏன்னா இஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், பாதி எரியாத மண்ணெண்ணெய் ப்ளக்குலயும் ரிங்லயும் கரியா ஒட்டும். இன்னொண்ணு, ஸ்டார்ட் பண்ற சின்ன கேன்ல இருக்கிற பெட்ரோலுக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்திருக்கணும், "கொஞ்ச நேரம்தானே"ன்னு பச்சைப் பெட்ரோல் ஊத்துறாங்க, குளிர்ந்த இஞ்சின் கிளம்புற அந்த நேரத்துலதான் ஆயில் ரொம்பத் தேவை. அந்தக் கேன் எத்தன நாள் பழசுன்னும் பாருங்க. இப்ப பங்க்குல வர்றது நூத்துக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், கடற்கரை ஈரத்துல மூடி சரியா இல்லாத கேன்ல மாசக்கணக்குல வச்சிருந்தா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தனியா பிரிஞ்சு நிக்கும், ட்யூப் உறிஞ்சறதும் அடியிலேருந்துதான். கொஞ்சத்த ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ராத்திரி வச்சு காலைல பாரு, அடியில கோடு பிரிஞ்சு தெரிஞ்சா அத இஞ்சினுக்கு ஊத்தாத. பத்து நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி வச்சா போதும்.

புது கார்புரேட்டர் இப்ப வாங்காதீங்க. மேல சொன்னத ஒரு வாரம் பண்ணிப் பாத்துட்டு எழுது. அப்பாவோட தோள ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டு. இழுக்கும்போது முதல்லயே வெடுக்குனு இழுக்கக் கூடாது, மெதுவா இழுத்து கயிறு பிடிக்கிற இடம் வந்ததும் அங்கேருந்து உடம்பச் சாய்ச்சு ஒரே வேகமா இழுக்கணும், தோளுக்கு அதுல பாரம் குறையும்.

கேள்வி: அண்ணா, நான் மன்னாரில இருந்து எழுதுறன். என்ர 15 குதிரைவலு பெற்றோல் இஞ்சின், டூ-ஸ்ட்ரோக். வாடைக்காலத்தில ரெண்டு மாசம் கரையில ஏத்தி வச்சிருந்தனான். இப்ப காலமையில ஸ்டார்ட் எடுக்கப் பெரும்பாடாக் கிடக்கு. சோக்கை இழுத்து வச்சா ஓடுது, தள்ளினா நிண்டுடுது. வேகமா ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. பிளக் புதுசு மாத்திட்டன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வியாதிய நீங்களே கண்டுபிடிச்சு எழுதியிருக்கீங்க, பேரு மட்டும்தான் நான் சொல்லணும். பைலட் ஜெட் அடைச்சிருக்கு. கார்புரேட்டர்ல ரெண்டு வழி இருக்கு, வேகமா ஓடும்போது மெயின் ஜெட் வழியா பெட்ரோல் வரும், ஸ்டார்ட் பண்ணும்போதும் மெதுவா ஓடும்போதும் பைலட் ஜெட்ங்கற ஊசிமுனை அளவு ஓட்டை வழியாத்தான் வரும். ரெண்டு மாசம் கிண்ணத்துல பெட்ரோல் நின்னா லேசானதெல்லாம் ஆவியாகிப் போயிரும், மிச்சம் பிசின் மாதிரி படியும், முதல்ல அடைபடறது அந்தச் சின்ன ஓட்டைதான். சோக் போட்டா காத்து கம்மியாகி பெட்ரோல் கூட உறிஞ்சப்படுது, அதனால தாக்குப் பிடிக்குது, சோக்க எடுத்ததும் பட்டினி.

கார்புரேட்டர இறக்கி கிண்ணத்தக் கழட்டுங்க. ஒவ்வொண்ணும் கழட்டும்போது போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க. ஐடில் ஸ்க்ரூவ (மெதுவா ஓடும்போது பெட்ரோல்-காத்து கலவைய சரிபண்ற திருகு) வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி உள்பக்கமா மெதுவா கடைசி வரை முறுக்கி எத்தன சுத்துன்னு எண்ணிக் குறிச்சுக்கணும், திரும்பப் போடும்போது அதே சுத்து. பைலட் ஜெட்ட எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, வட்டமா வெளிச்சம் தெரியலன்னா அடைப்பு. கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டு காத்தடிச்சா பெரும்பாலும் போயிரும். போகலன்னா இரும்புக் கம்பியோ ஊசியோ விடவே விடாதீங்க, பித்தளை மெதுவானது, ஓட்டை பெருசாயிட்டா அந்த ஜெட் அதோட முடிஞ்சுது, பிறகு பெட்ரோல் கூடப் போயி ப்ளக் எப்பவும் கறுக்கும். மெல்லிசான தங்கூசி (தூண்டிலுக்குப் போடுற நைலான் நூல்) ஒரு இழை விட்டுப் பாருங்க, அது வளையுமே தவிர கீறாது. கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்ப்ரே அடிங்க, கண்ணுல தெறிச்சா ரொம்ப எரியும்.

பிரிச்ச கையோட கைப்பம்பையும் ட்யூபையும் பாருங்க. காலைல பம்ப கெட்டியாகுற வரை அமுக்கிட்டு பத்து நிமிஷம் விடுங்க, தொளதொளன்னு ஆகியிருந்தா உள்ள இருக்கிற வால்வு பிடிக்கல, இல்ல எங்கயோ காத்து வாங்குது, பெட்ரோல் திரும்ப டேங்குக்கே இறங்கிப் போகுது. ட்யூப்ப டேங்கோட சேர்க்குற கனெக்டர்ல இருக்கிற சின்ன ரப்பர் வளையம் வெடிச்சிருந்தாலும் இதே தொல்லை, விலை கம்மியான சாமான், வாங்கி மாத்திருங்க. கார்புரேட்டர் வாய்ல பெட்ரோல் துப்புதான்னும் பாருங்க, இழுக்கும்போது வெளிப்பக்கமா தெறிச்சா ரீட் வால்வோட (உள்ள போன கலவை திரும்ப வராம தடுக்குறது) தகடு உடைஞ்சிருக்கலாம், அப்ப மெக்கானிக்கிட்ட போகத்தான் வேணும்.

அடுத்த வாடைக்கு முன்னாடி நல்ல தண்ணியில பத்து நிமிஷம் ஓட்டுங்க, ஓடிக்கிட்டிருக்கும்போதே பெட்ரோல் ட்யூப்ப கழட்டிருங்க, கிண்ணத்துல இருக்கிறது தீர்ந்து தானா நிக்கும், மிச்சத்த ட்ரெய்ன் ஸ்க்ரூ வழியா வடிச்சிட்டு வச்சா இந்தத் தொல்லை திரும்ப வராது.

கேள்வி: சார், நீலகிரியில ஒரு ஏரியில படகு ஓட்டுற வேலை. ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, கார்புரேட்டர் உள்ளது, செல்ஃப் ஸ்டார்ட். ஜனவரி காலைல செல்ஃப் "உர்ர்... உர்ர்"னு மெதுவா சுத்துது, கிளம்பறதில்ல. பத்து மணிக்கு வெயில் வந்தா கிளம்பிருது. பேட்டரி போன வருஷம்தான் வாங்கினது.

பதில்: உங்களுதுதான் உண்மையான குளிர், மத்தவங்களோடது எல்லாம் சும்மா ஆறிப்போன இஞ்சின். ஜனவரியில அங்க காலைல பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல போகும். அந்தக் குளிர்ல பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தாலும் அதோட பலம் குறையும், கூடவே இஞ்சின் ஆயில் கெட்டியாகி சுத்துறதுக்கு பாரம் கூடும், ரெண்டும் ஒண்ணு சேர்ந்துதான் அந்த "உர்ர்".

ஆயில் கேன எடுத்துப் பாருங்க. 20டபிள்யூ-50ன்னு இருந்தா காரணம் பாதி அதுலயே இருக்கு, பைக்குக்கு வாங்கினத இதுலயும் ஊத்தியிருப்பாங்க. பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு 10டபிள்யூ-30 இல்ல 10டபிள்யூ-40 தான், மேனுவல்ல பாத்து மாத்துங்க. பேட்டரிய ராத்திரி விட்டுட்டு காலைல மீட்டர் வச்சுப் பாருங்க, 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரியோ டெர்மினலோ சரியில்ல. டெர்மினல்ல பச்சையா பூத்திருந்தா அத முதல்ல தேச்சு சுத்தம் பண்ணுங்க, பேட்டரி புதுசா இருந்தும் பல இடத்துல இதுதான் காரணம். செல்ஃப அஞ்சாறு செகண்டுக்கு மேல விடாம அடிக்காதீங்க, இடையில கொஞ்சம் ஆற விடுங்க.

இன்னொண்ணு உயரம். 2,200 மீட்டர்ல காத்து கடற்கரைய விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கடல்மட்டத்துக்குச் செஞ்ச ஜெட் அப்படியே இருந்தா காத்துக்கு மேல பெட்ரோல் அதிகமா போகும், ப்ளக் கறுத்துக்கிட்டே இருக்கும், கறுத்த ப்ளக் குளிர்ல கிளம்பாது. ப்ளக்க கழட்டிப் பாத்து கரி மாதிரி கறுப்பா இருந்தா அந்தக் கம்பெனி சர்வீஸ் ஆள்கிட்ட மலை உயரத்துக்கான சின்ன ஜெட் கேளுங்க. ஆனா அதே இஞ்சின திரும்ப கீழ கொண்டு போனா பழைய ஜெட்டையே கட்டாயம் திரும்பப் போடணும், இல்லன்னா பெட்ரோல் பத்தாம ஓடி பிஸ்டனே உருகிப் போகலாம்.

கேள்வி: காலைல ஸ்டார்ட் ஆகலன்னா ஈதர் ஸ்ப்ரே அடிச்சா டக்குனு கிளம்புதுன்னு சொல்றாங்களே, தினமும் அடிக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்ல சிலிண்டருக்கு ஆயில் வர்றதே பெட்ரோலோட கலந்துதான். ஈதர்ல ஆயில் கிடையாது, சுவத்துல ஒட்டியிருக்கிற கொஞ்ச ஆயிலையும் கழுவிட்டுப் போயிரும், வெடிப்பும் ரொம்ப முரட்டுத்தனமா இருக்கும், ரிங்கும் பிஸ்டனும் அடிவாங்கும். எண்ணெய் வரலயா ஸ்பார்க் வரலயான்னு தெரிஞ்சுக்க ஒரு தடவ சோதிக்கணும்னா ப்ளக் ஓட்டையில ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு டீஸ்பூன் ஊத்தி, சிந்தினதத் துடைச்சு, ப்ளக்க மாட்டி இழுங்க. ரெண்டு செகண்ட் ஓடி நின்னா ஸ்பார்க் இருக்கு, எண்ணெய் வரலன்னு அர்த்தம், மேல மன்னார் தம்பிக்குச் சொன்னதப் பாருங்க. ஒரு சத்தமும் இல்லன்னா ப்ளக், கில் சுவிட்ச், வயர் இணைப்புங்க, சிடிஐ (ஸ்பார்க்க நேரத்துக்கு அடிக்க வைக்கிற எலக்ட்ரானிக் பெட்டி)ன்னு அந்த வரிசையில பாத்துக்கிட்டே போங்க. வயர் இணைப்புல உப்பு பூத்து பச்சை பிடிச்சிருக்கறதுதான் தூத்துக்குடி மாதிரி கரையில நான் அதிகமா பாத்தது, சிடிஐய மாத்தறதுக்கு முன்னாடி அதக் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டிப் பாருங்க.